எண்ணுக்குப் பெயர் தேடும் கலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கம்பரையும் வள்ளுவரையும் பற்றி ஆண்டுதோறும் சான்றோர் பேசக் கேட்டுப் பழகிய அவை இது. இம்முறை நம்மை அழைத்த செயலாளர் அவர்கள், "இலக்கியம் பேசுவதற்கு வேறு அன்பர்கள் வருகிறார்கள், தாங்கள் தங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பேசுங்கள்" என்று கட்டளையிட்டார்கள். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே குமாஸ்தா வேலை பார்த்து வருகிறோம். நமக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால் அதற்குரிய பெயரையோ கோப்பையோ தேடி எடுத்துக் கொடுப்பது. அந்த வித்தையைப் பற்றியே பேசுவோம். ஆனால் அதனைக் கணினியின் வழியாகப் பேசப்போகிறோம். இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த ஆசை என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

கார்டன் ரீச்சில் வாழும் தமிழர்க்கு எண்களின் பெருமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1887-இல் தோன்றிய பெங்கால் நாகபுரி இரயில்வேயும், அதன் வழியில் 1955 ஆகஸ்டு முதல் நாள் உருவான தென்கிழக்கு இரயில்வேயும் இந்த ஹூக்ளி நதிக்கரையிலேயே தலைமை அலுவலகம் வைத்துக்கொண்டன. நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் கணக்கராகவும் தட்டச்சாளராகவும் சுருக்கெழுத்தாளராகவும் அதனை நாடி வந்தவர்களே. அவர்கள் நாள் முழுதும் கையாண்டது எண்களைத்தான். வண்டிக்கு எண், வாகனுக்கு எண், சரக்குச் சீட்டுக்கு எண், ஊழியர்க்கு எண்.

ஊருக்குப் போகும் நமக்கெல்லாம் 12841 என்றால் கோரமாண்டல் என்று உடனே தெரியும். 12839 என்றால் சென்னை மெயில். 2010 டிசம்பரில் வண்டி எண்களை ஐந்து இலக்கமாக்கியபோது, பழைய 2841-க்கு முன் ஓர் 1 சேர்ந்தது. வண்டி அதே வண்டிதான். நிலையங்களின் குறியீடும் அவ்வாறே. மதராஸ் என்ற பெயர் 1996-இல் சென்னை என மாறியது. சென்ட்ரல் நிலையத்தின் பெயரே 2019-இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.இராமச்சந்திரன் சென்ட்ரல் என மாறியது. ஆயினும் நமது பயணச் சீட்டில் இன்றும் அச்சாவது எம்.ஏ.எஸ். என்ற மூன்றெழுத்தே. பெயர் மாறலாம், குறியீடு மாறினால் எல்லாப் பேரேடுகளையும் திருத்த வேண்டும். ஆகவே தொழில் நடத்துவோர் குறியீட்டை ஓரிடத்திலும் பெயரை வேறோர் அட்டவணையிலும் வைத்துக்கொள்கின்றனர். குறியீட்டைக் கண்டதும் அட்டவணையைப் புரட்டிப் பெயரைச் சொல்லுவது குமாஸ்தாவின் கடமை.

இது நமது மொழிக்கும் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுளாய் அமைந்தவை; தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள் வகையால் தொகுக்கப்பட்டவை. அவற்றை மனப்பாடம் செய்தவர்க்குக் கவலையில்லை. செய்யாதவர் ஒரு சொல்லைக் காண வேண்டுமாயின் பாட்டுப் பாட்டாகப் படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். 1594-இல் சிதம்பர இரேவண சித்தர் தமது நிகண்டில் சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் வைத்தார். அதற்கு அகராதி நிகண்டு என்றே பெயர். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். அதன் பின்னர்ச் சொல் தேடுவோர்க்கு மனப்பாடம் தேவைப்படவில்லை. அதே சொற்கள்தாம், அதே பொருள்தான். வைத்த வரிசை மட்டுமே மாறியது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

நிற்க. கணினிக்கு வருவோம்.

நம் மூத்த பெண் பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் இறுதியாண்டு பயில்கிறாள். ஒருநாள் இரவு, உணவு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். திரை முழுவதும் பச்சையும் நீலமுமாக வரிகள் விரைந்து ஓடின. பார்சல் ஆபீஸின் பேரேட்டை யாரோ பேய் வேகத்தில் எழுதுவதுபோல் இருந்தது. "இஃது என்ன அம்மா?" என்று கேட்டோம். "நம் வீட்டுக்கு வரும் செய்திப் பொதிகள், அப்பா. ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த மென்பொருள் சொல்லும்" என்றாள். அதன் பெயர் வயர்ஷார்க்.

அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். அமெரிக்க நாட்டின் கான்சாஸ் நகரில் இணைய சேவை அளிக்கும் ஒரு நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரால்டு கோம்ப்ஸ் என்பவர், வலைப்பின்னலில் நேரும் கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வேண்டுமென்று 1997-ஆம் ஆண்டின் இறுதியில் இதனை எழுதத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்கக் கிடைத்த கருவிகள் அவர் கைக்கு எட்டாதவை. 1998 ஜூலையில் எதீரியல் என்ற பெயரில் வெளியிட்டார். அவர் 2006-இல் வேறு நிறுவனத்துக்குச் சென்றபோது பழைய பெயரின் உரிமை உடன் வரவில்லை; ஆகவே வயர்ஷார்க் எனப் புதுப்பெயர் சூட்டினார். உலகெங்குமுள்ள நூற்றுக்கணக்கானோர் எழுதிச் சேர்த்து வளர்த்த மென்பொருள் இது. எவரும் இலவசமாகப் பெறலாம். அதன் உள்ளே எழுதியிருப்பதையும் எவரும் படிக்கலாம்.

இணையத்தில் செல்லும் செய்தி முழுதாகச் செல்வதில்லை. சிறுசிறு பொதிகளாகப் பிரிந்தே செல்கிறது. ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு சீட்டு. அதற்குள் மற்றோர் உறை, அதன் மேல் மற்றொரு சீட்டு. சீட்டுகளில் பெயர் எழுதினால் இடம் வீணாகும் என்று எண்களையே எழுதுகின்றனர். பொதியை எந்த நெறிப்படி நடத்த வேண்டும் என்பதைச் சொல்லும் ஓரிடத்தில் 6 என்றிருந்தால் டி.சி.பி. என்று பொருள், 17 என்றால் யூ.டி.பி.; 1 என்றால் ஐ.சி.எம்.பி. எந்தச் சேவைக்குரிய பொதி என்பதற்கும் எண்ணுண்டு. 53 என்றால் பெயருக்கு முகவரி கேட்கும் வினவல்; 443 என்றால் காப்பிட்ட வலைத்தளப் போக்குவரத்து.

இந்த எண்களை யார் கொடுத்தார்கள் என்று அறிய நமக்கு ஆவல் உண்டாயிற்று. விசாரித்ததில் மனம் மகிழ்ந்தோம். ஜான் போஸ்டல் என்ற அறிஞர், கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, இணையம் குழந்தையாக இருந்த நாள் முதல் இந்த எண் பட்டியலைப் பாதுகாத்து வந்தார். யாருக்கு எண் வேண்டுமாயினும் அவரிடமே கேட்டனர். ஒதுக்கிய எண்கள் என்ற தலைப்பில் அப்பட்டியல் அவ்வப்போது வெளியாயிற்று. 1994 அக்டோபரில் வந்ததே அவ்வரிசையில் கடைசி. அதன்பின் பட்டியல் கணினியிலேயே நிலைபெற்றது. அவர் 1998 அக்டோபரில் காலமானார். உலகம் அவரை இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவர் என்று போற்றுகிறது. நம் கண்ணுக்கோ, அவர் ஒரு தலைமைக் குமாஸ்தாவாகவே காட்சியளிக்கிறார்!

இனி வயர்ஷார்க் செய்யும் வேலை யாது? பொதியில் உள்ள எண்ணை எடுத்து, தன்னிடமுள்ள அட்டவணையில் பெயர் தேடி, திரையில் காட்டுகிறது. அட்டவணை என்பது இரண்டு பத்திகள் கொண்டது: இடப்புறம் எண், வலப்புறம் பெயர். அத்தகைய அட்டவணைகள் அம்மென்பொருளில் ஆயிரக்கணக்கில் உள்ளன. மிக எளிய முறையில் தேடுவதாயின், முதல் வரியிலிருந்து தொடங்கி, இதுவா, இதுவா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். நிகண்டைப் பாட்டுப் பாட்டாகப் படிப்பது போன்றதே இது.

அதில் என்ன குறை? கணக்கைப் பாருங்கள். அட்டவணையில் 500 வரிகள் என்று வைத்துக்கொள்வோம். தேடும் எண் எங்கும் இருக்கலாமாதலால் சராசரி 250 வரி பார்க்க நேரும். சில நிமிடங்களில் பிடித்த பொதிகளே 10 இலட்சம் இருக்கக்கூடும். பொதிக்கு ஒரே ஒரு தேடல் என்றாலும் 25 கோடி முறை ஒப்பிட வேண்டும். பொதிக்கு ஒன்றோடு நிற்பதுமில்லை. ஒரு பொதிக்குள் பற்பல எண்கள் உண்டு. அன்றியும், இன்ன வகைப் பொதியை மட்டும் காட்டு என்று நாம் கேட்கும்போதெல்லாம், அம்மென்பொருள் எல்லாப் பொதிகளையும் மறுபடி தொடக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்கிறது. கணினி வேகமானதுதான். ஆனால் வேகமானவனைக் கொண்டு வீண் வேலை செய்வித்தால் அவனுக்கும் மூச்சு வாங்கும்.

இதனைப் போக்க அவர்கள் செய்த ஏற்பாடு நம் உள்ளத்தைக் கவர்ந்தது. பழைய அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு சிறு உறை போட்டிருக்கிறார்கள். அந்த உறைக்குள், எந்த முறையில் தேடுவது என்ற குறிப்பு இருக்கும். முதன்முதல் ஒருவர் பெயர் கேட்டு வந்தவுடன், அது உடனே தேடத் தொடங்குவதில்லை. அட்டவணையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு முறை பார்வையிடுகிறது. பார்வையிட்டு, மூன்றில் ஒன்றைத் தீர்மானம் செய்கிறது.

எண்கள் இடைவெளியின்றி 11, 12, 13, 14 என்று அடுத்தடுத்து வருகின்றனவா? வந்தால் தேடவே வேண்டாம். 14 வேண்டுமெனில் தொடக்க எண்ணாகிய 11-ஐக் கழித்து, மூன்று வரி தள்ளி நேரே கை வைக்கலாம். வரிசையாக எண் போட்ட பக்கங்களையுடைய பேரேட்டில், இன்ன பக்கம் என்று சொன்னால் திறப்பது போல. 10 இலட்சம் தேடலுக்கு 10 இலட்சம் பார்வை, தீர்ந்தது.

இடைவெளி உண்டு, ஆனால் எண்கள் ஏறுவரிசையில் உள்ளனவா? அப்படியானால் பாதி பாதியாகத் தேடலாம். நடு வரியைப் பார். தேடும் எண் அதனினும் பெரிதாயின் மேற்பாதியை மறந்துவிடு. சிறிதாயின் கீழ்ப்பாதியை மறந்துவிடு. மீந்ததில் மறுபடி நடுவைப் பார். 500 வரியுள்ள அட்டவணையில் ஒன்பது முறைக்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. முன்னே சொன்ன 25 கோடி, 90 இலட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. அட்டவணை 65,000 வரியாக வளர்ந்தாலும் பதினாறு பார்வையே போதும். அகராதியில் சொல் தேடும் நம் கை இதைத்தான் செய்கிறது, நாம் அறியாமலே.

இம்முறை சொல்வதற்கு எளிது. பிழையின்றி எழுதுவது அவ்வளவு எளிதன்று போலும். ஜாவா என்ற கணினி மொழியின் நூலகத்தில் பெரிய வல்லுநர்கள் எழுதி வைத்த இதே தேடலில் ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்ததாக, அதனை எழுதிய ஜோஷுவா பிளாக் என்பவரே 2006-இல் அறிவித்தார். நடு வரியைக் கண்டுபிடிக்க முதல் வரி எண்ணையும் கடைசி வரி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். அட்டவணை 107 கோடி வரியைத் தாண்டினால், அந்தக் கூட்டுத்தொகை கணினி ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் வழிந்துவிடுகிறதாம். கூட்டல் கணக்கில் இடம் போதாமல் தவறியது கணக்கர்க்கு வியப்பான செய்தியன்று. நம் பழைய பேரேடுகளில் பத்திகளின் அகலம் போதாமல் இலக்கம் பக்கத்துக் கட்டத்தில் ஏறியதை யாவரும் கண்டிருப்போம்.

மூன்றாவது தீர்மானம்தான் நாம் சொல்ல வந்தது. பார்வையிடும்போது ஓரிடத்திலேனும் ஒரு வரியின் எண் முந்திய வரியின் எண்ணைவிடச் சிறிதாக இருந்தால், வரிசை கெட்டது என்று பொருள். உடனே அம்மென்பொருள் விரைவு முறைகளைக் கைவிடுகிறது. ஒவ்வொரு வரியாகத் தேடும் பழைய மெதுவான வழிக்கே திரும்புகிறது. சும்மாவும் திரும்புவதில்லை. இன்ன பெயருள்ள அட்டவணையில் இன்ன வரியில் வரிசை தவறியிருக்கிறது, ஆகவே ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதாயிற்று என்று எச்சரிக்கையும் எழுதி வைக்கிறது. அன்றிரவு நம் பெண் பயிற்சிக்காகத் தானே எழுதிய ஓர் அட்டவணையின் கடைசியில், பின்னால் நினைவுக்கு வந்த ஓர் எண்ணைச் சேர்த்திருந்தாள். அந்த எச்சரிக்கை வந்து நின்றது. "பெயர்தான் சரியாகக் கிடைக்கிறதே, அப்பா, கொஞ்சம் மெதுவாகக் கிடைக்கிறது, அவ்வளவுதானே" என்று அலுத்துக்கொண்டாள். நாம் அவளுக்கு உடனே விடை கூறவில்லை. நம் நெஞ்சில் வேறொரு பேரேடு திறந்துகொண்டது.

அதற்குமுன், அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ஒரு சிறு உதாரணத்தால் காட்டுவோம். எட்டு வரிகள் உள்ள அட்டவணை ஒன்று: 11, 14, 17, 23, 31, 38, 42, எட்டாவதாக, பின்னால் சேர்த்த 20. இப்போது 20-ஐத் தேடுகிறோம். நான்காவது வரியில் 23. இருபது அதனினும் சிறிது. ஆகவே 23-க்குக் கீழே உள்ளவற்றை மறந்துவிடுகிறோம். மீந்த மூன்றில் நடுவில் 14, இருபது பெரிது. அடுத்து 17, இருபது பெரிது. அதன்பின் பார்க்க வரியில்லை. முடிவு: 20 என்ற எண் இல்லை. அது கடைசி வரியில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் தேடியவர் தமது முறைப்படி பிழையின்றித் தேடினார். நேர்மையாகவே இல்லை என்றார்.

பெரியோர்களே! நாம் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டா, பிழை நம்முடையது. ஓய்வு பெற்றோர், இறந்தோர் கோப்புகளுக்கு ஒரு குறிப்பேடு நம் பொறுப்பில் இருந்தது. எண்கள் ஏறுவரிசையில், பக்கத்துக்கு முப்பது வரியாக நெருக்கி எழுதியிருக்கும். ஒருநாள் வேறோர் அலுவலகத்திலிருந்து ஒரு கோப்பு தாமதமாக வந்தது. அதன் எண் பழைய எண். அது சேர வேண்டிய பக்கத்தில் ஒரு வரிகூட இடமில்லை. நாம் அதனைக் கடைசிப் பக்கத்தில், அன்றைய பதிவுகளுக்குக் கீழே எழுதிவைத்தோம். பழைய பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறி போட்டுவிடலாம் என்று எண்ணினோம். அந்நேரம் தேநீர் வந்தது. குறி போடவில்லை. சில வாரங்களில் நமக்கு மாறுதல் உத்தரவும் வந்தது.

அந்தக் கோப்பு ஒரு தண்டவாளத் தொழிலாளியுடையது. அவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டு அவருடைய மனைவியார் எண்ணைக் குறித்து விண்ணப்பம் கொடுத்தார். நமக்குப் பின் வந்த குமாஸ்தா சுறுசுறுப்பானவர். நம்மைப்போல் விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டிருப்பவரல்லர். குறிப்பேட்டை நடுவில் திறந்து, முன்னும் பின்னும் இரண்டு புரட்டலில் உரிய பக்கத்துக்கு வந்துவிடுவார். வந்தார், பார்த்தார், எண் இல்லை. இத்தகைய கோப்பு இங்கில்லை என்று பதில் போயிற்று. அந்த அம்மையார் மீண்டும் எழுதினார், அதே பதில். மூன்றாம் முறை நேரிலேயே வந்தார். அப்போதும் குறிப்பேட்டைத் திறந்து, அவர் கண்முன்னே உரிய பக்கத்தைக் காட்டி, "பாருங்கள் அம்மா, இல்லை" என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது.

பதினோரு மாதம் கழித்து, வேறொரு கோப்புக்காகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்த ஒரு பியூன் அந்த எண்ணைக் கண்டு சொன்னார். பணம் நிலுவையோடு கிடைத்தது. இடையில் அவர் தமது காதுத் தோட்டை அடகு வைத்து, வட்டி கட்ட இயலாமல் அது மூழ்கிப்போயிற்று. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகன் கூலி வேலைக்குப் போனான். மறுபடி பள்ளிக்குத் திரும்பவில்லை. இவற்றையெல்லாம் சில ஆண்டுகளுக்குப் பின், நமக்கு அடுத்து வந்த அதே நண்பரை ஒரு திருமணத்தில் சந்தித்தபோது அறிந்தோம். "யாரோ ஒரு புண்ணியவான் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான்" என்றார். அந்தப் புண்ணியவான் எதிரே அமர்ந்து பாயசம் அருந்திக்கொண்டிருந்தான். கையெழுத்தை அவர் அடையாளம் கண்டாரோ, காணாதவர்போல் இருந்தாரோ, இன்றுவரை நமக்குத் தெரியாது. நாமும் அன்று வாய் திறக்கவில்லை. இந்த மேடையில்தான் முதன்முறையாகச் சொல்லுகிறோம்.

கணினியைப் பற்றிப் பேச நமக்கு ஏன் இந்த ஆசை என்று தொடக்கத்தில் சிலர் எண்ணியதற்கு இதுவே விடை. நம் பெண்ணின் திரையில் அந்த எச்சரிக்கையைக் கண்டபோது, ஒரு யந்திரம் நம்மைப் பார்த்து, வரிசையை நம்புவதற்குமுன் ஒரு முறை நடந்து பார்த்தீரா என்று கேட்டது போலிருந்தது. சுறுசுறுப்பான நம் நண்பர் பாதி பாதியாகத் தேடியது குற்றமன்று. மெதுவாகத் தேடும் மந்தன் ஒருவன் அங்கிருந்திருந்தால் முதல் நாளே கண்டிருப்பான் என்பதும் உண்மை. ஆனால் மற்ற ஆயிரம் விண்ணப்பங்கள் அவனிடம் தேங்கிக் கிடந்திருக்கும். வேகமும் வேண்டும், அந்த ஒரு முறைப் பார்வையும் வேண்டும். 500 வரிகளை ஒருமுறை நடந்து பார்க்கும் செலவு, 10 இலட்சம் தேடலுக்கு முன் எம்மாத்திரம்? குறிப்பேட்டுக்கும் அப்படித்தான். ஒரு மாலைப்பொழுது.

இதனை நம் பெண்ணிடம் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அப்பா" என்றாள். வயர்ஷார்க்கின் இந்த அட்டவணைகள் மென்பொருளோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. ஓடும்போது யாரும் அவற்றில் புது வரி எழுதுவதில்லை. ஆகவே ஒரு முறை பார்த்தால் போதும். குறிப்பேடோ நாள்தோறும் வளர்வது. வளரும் அட்டவணைக்கு வேறு முறையுண்டு என்று அவள் விளக்கினாள். அதையும் நம் தொழிலைக் கொண்டே எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

இரயில்வே அஞ்சல் பிரிவின் வண்டிகளில் கடிதம் பிரிக்கும் சிற்றறைகளைப் பார்த்திருப்பீர்கள். வரும் கடிதங்களை வரிசைப்படுத்தி அடுக்குவதில்லை. உறையின் மேல் கண் பட்டதும் கை உரிய அறைக்குப் போய்விடும். அதுபோல, எண்ணை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டு, கிடைக்கும் விடை எந்த அறையோ அந்த அறையில் பதிவைப் போட்டுவிடுவது. எளிய கணக்கு வேண்டுமாயின், கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து நூறு அறைகளில் ஒன்றில் போடலாம். தேடும்போதும் அதே கணக்கு, அதே அறை. எண் பழையதோ புதியதோ, முன்னே வந்ததோ பின்னே வந்ததோ, கவலையில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1953-இல் ஒரு குறிப்பில் இந்த யோசனையை எழுதினார். யார் யாருடன் பேசுகிறார்கள் என்ற உரையாடல் பட்டியலைப் போல் நொடிக்கு நொடி வளரும் அட்டவணைகளுக்கு வயர்ஷார்க் இம்முறையையே கையாளுகிறது. பதிவுகள் மிகுந்து அறைகள் நெரிந்தால், அறைகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போடவும் செய்கிறது. அதற்குரிய நேரம் செலவாகத்தான் செய்யும்.

ஆயினும் சிற்றறைகளே எங்கும் சிறந்தவை என்று எண்ணிவிட வேண்டா. கணினிகளுக்குள் பொருத்தும் வலைத் தகடு ஒவ்வொன்றிலும், அதைச் செய்த நிறுவனத்தைக் காட்டும் எண் பதிந்திருக்கும். அந்த நிறுவனப் பட்டியல் பல பத்தாயிரம் வரிகள் நீளும். முன்பெல்லாம் வயர்ஷார்க் தொடங்கும்போதெல்லாம் அப்பட்டியலை ஒரு கோப்பிலிருந்து படித்து உள்ளே ஏற்றும். அதனால் தொடங்கவே நேரமாகும். 2023-இல் வந்த பதிப்பிலிருந்து அதனை முன்கூட்டியே ஏறுவரிசையில் அடுக்கி, மென்பொருளுக்குள்ளேயே கட்டிவைத்துவிட்டனர். தேடுவது பாதி பாதியாகத்தான். வரிசை கெடாது என்று உறுதி இருக்குமிடத்தில் பழைய அகராதி முறையே போதுமானது. நான்கைந்து வரியே உள்ள சிறு அட்டவணைக்கு இந்த ஆரவாரம் ஒன்றும் தேவையில்லை. விரலால் தடவிப் பார்ப்பதே விரைவு. நம் பழைய தலைமைக் குமாஸ்தா ஒருவர், அடிக்கடி கேட்கும் பத்துப் பெயர்களைப் பேரேட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருப்பார். அதற்கு எந்தக் கல்லூரியிலும் பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள் என்று எண்ணியிருந்தோம். அதற்கும் பெயருண்டு என்று நம் பெண் சொல்லுகிறாள்!

உரையை முடிக்குமுன் ஒரு செய்தி. இந்த உரைக்குச் சில நூல்கள் பார்க்க வேண்டிச் சென்ற மாதம் நம் சங்க நூலகத்துக்குச் சென்றிருந்தோம். சதுரகராதியின் பதிப்பு ஏதேனும் உண்டா என்று நூலகப் பொறுப்பாளர் அவர்களைக் கேட்டோம். அவர்கள் பதிவேட்டைத் திறந்து, உரிய இடத்தில் பார்த்து, "இல்லை ஐயா, பலர் கேட்டுவிட்டார்கள், வாங்க வேண்டும்" என்றார்கள். நமக்கு உள்ளம் ஒப்பவில்லை. அனுமதி பெற்று அமர்ந்து, பதிவேட்டை முதல் வரியிலிருந்து நடந்தோம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கடைசிக்கு முந்திய பக்கத்தில், யாரோ ஓர் அன்பர் தமது வீட்டு நூல்களைச் சங்கத்துக்கு வழங்கியபோது மொத்தமாக எழுதிய பன்னிரண்டு வரிகளுக்கிடையில் அது இருந்தது. நூலும் அலமாரியின் மேல் தட்டில் பத்திரமாகவே இருந்தது. பொறுப்பாளர் அவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்து சிரிக்கிறார்கள். வேண்டுவோர் நாளை முதல் அவர்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.